பெட்டியில் 1:72 என்று இருக்கிறது, அளந்து பார்ப்போமா?

அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்துவிட்டால் பள்ளிகளில் தெர்மாகோல், அட்டை, பசை, வண்ணத்தாள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். ராக்கெட், விமானம், அணைக்கட்டு, காற்றாலை என்று மாதிரிகள் வரிசையாக உருவாகும். ஒவ்வொன்றின் கீழும் பொருளின் பெயர், மாணவரின் பெயர், வகுப்பு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ஆனால், "இது உண்மைப் பொருளைவிட எத்தனை மடங்கு சிறியது?" என்பதற்கான விடை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டுமானால் மாணவர் உண்மைப் பொருளின் அளவைத் தேட வேண்டும், வகுத்துப் பார்க்க வேண்டும், அளந்து வெட்ட வேண்டும். ஆகவே விடுபட்டுப் போவது ஒரு வரி மட்டுமல்ல. ஒரு கணக்குப் பாடமும் சேர்ந்தே விடுபடுகிறது.

இந்தப் பாடத்தை நடத்த நல்லதோர் எடுத்துக்காட்டு, பல நாட்டு நிறுவனங்கள் விற்கும் விமான மாதிரி கிட்டுகள். ஒரு பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள், படவிளக்கத் தாள், நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் இருக்கும். பாகங்களை வெட்டியெடுத்து, ஒட்டி, வண்ணம் பூசினால் விமானம் தயார். பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயரோடு 1:72, 1:48, 1:144 என்று ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே விமானத்தைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. அவற்றுள் எது நல்லது என்று எப்படி முடிவு செய்வது? பள்ளிப் பணத்தில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? இவற்றுக்கு விடை தேடும்போது விகிதம், வடிவொப்புமை, அளவீட்டுப் பிழை, நேர்மையான ஒப்பீடு ஆகிய அனைத்தும் வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றன.

அளவை சொல்லும் செய்தி

1:72 என்றால், மாதிரியில் 1 செ.மீ. இருப்பது உண்மையில் 72 செ.மீ. ஆறாம் வகுப்பு மாணவருக்கு இது 'விகிதம் மற்றும் விகிதசமம்' பாடத்தின் நேரடிப் பயன்பாடு.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பகுதிக் குழந்தைகளுக்கு விமானத்தின் அளவு எளிதில் மனத்தில் பதியாது. வானத்தில் அது ஒரு புள்ளி. பாடநூலில் ஒரு படம். ஆனால் தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம் அவர்களுக்குத் தெரியும். அதன் உயரம் ஏறத்தாழ 180 அடி. 72-ஆல் வகுத்தால் இரண்டரை அடி, அதாவது 76 செ.மீ. சுவரில் 76 செ.மீ. உயரத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோபுரத்தை வரையச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் அதே 1:72 அளவையில் கீழுள்ள விமானங்களை வரையலாம்.

- நேட், ஓரிருக்கைப் போர் விமானம்: நீளம் 8.74 மீ., இறக்கை அகலம் 6.73 மீ. மாதிரியில் 121 மி.மீ., 93 மி.மீ.
- தேஜஸ்: நீளம் 13.2 மீ., இறக்கை அகலம் 8.2 மீ. மாதிரியில் 183 மி.மீ., 114 மி.மீ.
- சுகோய் 30 எம்.கே.ஐ.: நீளம் 21.93 மீ., இறக்கை அகலம் 14.7 மீ. மாதிரியில் 305 மி.மீ., 204 மி.மீ.
- ஏ.டி.ஆர். 72 பயணியர் விமானம்: நீளம் 27.17 மீ., இறக்கை அகலம் 27.05 மீ. மாதிரியில் 377 மி.மீ., 376 மி.மீ.

கடைசியில் உள்ள ஏ.டி.ஆர். தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வந்துபோகும் வகை. அதை நிமிர்த்தி நிறுத்தினால் தென்காசிக் கோபுரத்தில் சரிபாதி உயரம் வரும். சுகோய் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலும் தேஜஸ் கோயம்புத்தூரை அடுத்த சூலூரிலும் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவையில் வரையப்பட்டிருப்பதால்தான் நேட் எவ்வளவு சிறியது என்பது பார்த்தவுடன் புரிகிறது.

ஏன் 72?

நூறு, ஐம்பது என்று எளிய எண்ணாக வைத்திருக்கலாமே என்று மாணவர் கேட்பார்கள். இந்த எண்கள் அடி, அங்குலக் கணக்கில் பிறந்தவை. ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்று வைத்தால் 1:72. நான்கு அடி என்றால் 1:48. பன்னிரண்டு அடி என்றால் 1:144. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதை நினைவூட்டினால் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்கிலாந்தில் 1930களில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்டுகளும், 1936இல் வந்த ஃபிராக் பெங்குவின் பிளாஸ்டிக் கிட்டுகளும் 1:72 அளவையைப் பரப்பின. இரண்டாம் உலகப் போரின்போது, பறந்து வருவது யாருடைய விமானம் என்று வீரர்களுக்கு அடையாளம் காட்டவும் இதே அளவை பயன்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. மாணவர் மரத்தில் செதுக்கிய மாதிரிகள், அளவு சரியாக உள்ளதா என்று சோதித்த பிறகே ஏற்கப்பட்டன. பள்ளிக் கைவேலை வகுப்பில் செய்த பொருளின் துல்லியத்தை நம்பி ஒருவர் சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிலை அது.

அந்தப் பயிற்சியின் அடிப்படையை நம் பள்ளித் தாழ்வாரத்திலேயே காட்டலாம். 1:72 மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், உண்மையான விமானத்தை 720 மீட்டர் தொலைவில் பார்ப்பது போலவே கண்ணுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் உயரமும் தொலைவும் கணக்குகளுக்கு இது நல்ல தொடக்கம்.

பெட்டிக்குள் அடங்கிய அளவை

எல்லா நிறுவனங்களும் தொடக்கத்திலிருந்தே நிலையான அளவையைப் பின்பற்றவில்லை. 1950களில் ரெவல் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் பல கிட்டுகளை, தாங்கள் வைத்திருந்த பெட்டியின் நீளத்துக்கு ஏற்பவே வடிவமைத்தன. பெரிய குண்டுவீச்சு விமானமும் சிறிய போர் விமானமும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் வந்தன. சேகரிப்பாளர்கள் இதைப் 'பெட்டி அளவை' என்று கேலியாகச் சொல்வதுண்டு. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும்.

திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மைகளிலும் இதைக் காணலாம். பேருந்தும் காரும் ஒரே நீளத்தில் இருக்கும். தொடக்கநிலைக் குழந்தைகளிடம் இரண்டையும் கொடுத்து, "இந்தக் கார் ஓட்டுநர் இந்தப் பேருந்துக்குள் உட்கார முடியுமா?" என்று கேளுங்கள். விகிதம் என்ற சொல் தெரியாமலேயே அவர்கள் விகிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். சூரியக் குடும்பப் படத்தில் கோள்களின் பருமனும் இடைவெளியும் வெவ்வேறு அளவையில் இருப்பதையும் இதே இடத்தில் சொல்லிவிடலாம்.

ஒரே பெயர், இரண்டு விமானங்கள்

ஒப்பீட்டில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. அதற்கு நேட் விமானமே சான்று.

இங்கிலாந்தின் ஃபோலண்ட் நிறுவனம் வடிவமைத்த நேட்டை, உரிமம் பெற்று பெங்களூரு எச்.ஏ.எல். தயாரித்தது. 1965, 1971 போர்களில் இந்திய விமானப்படை இதைப் பயன்படுத்தியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காக்க நேட்டில் பறந்து உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன், விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர். அவர் பணியாற்றிய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களுடன் சூலூரில் மீண்டும் தொடங்கப்பட்டது. நேட்டையும் தேஜஸையும் பக்கத்தில் வைத்தால், ஒரே படைப்பிரிவின் அன்றைய விமானமும் இன்றைய விமானமும் கண்முன் நிற்கும்.

இதற்காக ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1:72 நேட் கிட்டை வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்து இறக்கையை அளந்தால் ஏறத்தாழ 102 மி.மீ. வரும். நம் பட்டியலில் 93 மி.மீ. என்று இருக்கிறது. ஒன்பது விழுக்காடு வேறுபாடு! நிறுவனம் தவறு செய்துவிட்டதா?

இல்லை. அந்தக் கிட்டில் இருப்பது பிரிட்டன் பயன்படுத்திய ஈரிருக்கைப் பயிற்சி விமானம். சிவப்பு வண்ணத்தில் சாகசம் காட்டிய ரெட் ஆரோஸ் குழு பறக்கவிட்டது அந்த வகையைத்தான். அதன் இறக்கை அகலம் 7.32 மீ.; 72-ஆல் வகுத்தால் 102 மி.மீ. சரியாகவே இருக்கிறது. இந்தியா போரில் பயன்படுத்தியதோ இறக்கை சிறுத்த ஓரிருக்கை விமானம். இந்திய வகையைத் தேடுபவர், செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி போன்ற சிறு நிறுவனங்களின் வெளியீடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, கிட்டைக் குறை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒரே விமானமா? அதிலும் ஒரே வகையா? ஒரே அளவையா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும் ஒப்பீடு செல்லாது. ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்று நாம் கற்பிப்பதும் இதையே.

பிளாஸ்டிக்கால் முடியாதவை

நீளமும் அகலமும் சரியாக இருந்துவிட்டால் மாதிரி முழுத் துல்லியம் என்று சொல்லிவிட முடியாது. உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்தி வார்க்கும்போது, ஓரளவு தடிமன் இல்லாவிட்டால் அது அச்சின் எல்லா மூலைக்கும் பாயாது. பாகத்தின் சுவர் 1 மி.மீ. தடிமன் என்றால், 1:72 அளவையில் அது 72 மி.மீ.க்குச் சமம். உண்மையான விமானத்தின் உலோகத் தோலோ சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் மாதிரிகளில் இறக்கையின் பின்விளிம்பு தடித்துத் தெரிகிறது.

உடலில் தகடுகள் சேரும் கோடுகளும் அப்படியே. மாதிரியில் கோடு கால் மில்லிமீட்டர் அகலம் என்றால் உண்மையில் 18 மி.மீ. இடைவெளி! அப்படி ஒரு விமானம் பறக்காது. பழைய அச்சுகளில் இந்தக் கோடுகள் புடைப்பாக இருக்கும். புதியவற்றில் குழிவாக இருக்கும். குழிவுக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை வைத்து அச்சின் தரத்தை ஓரளவு கணிக்கலாம்.

உயர்நிலை வகுப்புகளில் பரப்பையும் கனஅளவையும் சேர்க்கலாம். நீளம் 72 மடங்கு குறைந்தால் பரப்பு 5,184 மடங்கும் கனஅளவு 3,73,248 மடங்கும் குறையும். தேஜஸின் வெற்று எடை சுமார் 6,500 கிலோ. அதை அதே பொருள்களால் 1:72 அளவையில் செய்தால் எடை பதினேழரை கிராம்தான் இருக்கும். எறும்பை யானை அளவுக்குப் பெருக்கினால் ஏன் அதால் நிற்க முடியாது என்ற கேள்வியையும் இந்தக் கணக்கோடு இணைக்கலாம்.

நிறுவனங்கள் எதில் வேறுபடுகின்றன?

கிட்டுகளைச் செய்து பழகியவர்களிடையே பொதுவாக நிலவும் கருத்துகளைச் சுருக்கமாகத் தரலாம்.

- ஏர்ஃபிக்ஸ், இங்கிலாந்து: 1939இல் தொடங்கப்பட்டது. இதன் முதல் விமானக் கிட் 1953இல் வந்த 1:72 ஸ்பிட்ஃபயர். பிரிட்டிஷ் விமானங்களில் வகைகள் அதிகம். பழைய அச்சுக்கும் அண்மைக் கால அச்சுக்கும் தரத்தில் பெரிய வேறுபாடு உண்டு.
- டமியா, ஜப்பான்: 1946இல் மர வணிகமாகத் தொடங்கி, 1960இல் பிளாஸ்டிக் மாதிரிக்கு வந்தது. பாகங்கள் இடைவெளியின்றிப் பொருந்துவதற்கும் தெளிவான படவிளக்கத்துக்கும் பெயர்பெற்றது. விலை கூடுதல்.
- ஹசெகவா, ஜப்பான்: மெல்லிய குழிவுக் கோடுகள் இதன் சிறப்பு. பல கிட்டுகளில் ஆயுதங்கள் இருக்காது; தனியே வாங்க வேண்டும்.
- ரெவல்: அமெரிக்காவில் தோன்றியது; 1956 முதல் ஜெர்மனியிலும் இயங்குகிறது. வகைகள் ஏராளம், விலை மிதம். பிற நிறுவனங்களின் அச்சில் வார்த்தவற்றையும் தன் பெட்டியில் விற்றிருக்கிறது.
- ஸ்வெஸ்தா, ரஷ்யா: சுகோய், மிக் போன்ற ரஷ்ய விமானங்கள் வேண்டுவோர் தேடுவது.
- எடுவார்ட், செக் நாடு: நுணுக்கமான பாகங்களும் மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்களும் உண்டு. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது.
- ஸ்பெஷல் ஹாபி, செக் நாடு: பிறர் செய்யாத விமானங்களைச் சிறு எண்ணிக்கையில் தருகிறது. பொருத்துமுளைகள் குறைவு என்பதால் தேய்த்துச் சரிசெய்யும் வேலை கூடும்.

இந்தப் பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நிறுவனத்தின் 1960களின் அச்சும் இன்றைய அச்சும் இரண்டு வேறு பொருள்கள். பெட்டியின் படம் புதிதாக இருக்கலாம். உள்ளே பழைய பிளாஸ்டிக் இருக்கலாம். எனவே "எந்த நிறுவனம்?" என்பதைவிட "எந்த ஆண்டு அச்சு?" என்ற கேள்வியே பல நேரங்களில் உதவும்.

மாணவர் நிரப்பும் ஒப்பீட்டுத் தாள்

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பயன்படுத்தத்தக்க எளிய தாள் இது. வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் இணைக்கலாம்.

1. விமானத்தின் பெயர், வகை, அளவை.
2. உண்மை நீளம், இறக்கை அகலம்.
3. அளவைப்படி வரவேண்டிய அளவு.
4. அளந்தபோது கிடைத்த அளவு.
5. பிழை விழுக்காடு: வேறுபாட்டை வரவேண்டிய அளவால் வகுத்து நூறால் பெருக்குக.
6. ஒட்டும் முன் பாகங்களைச் சேர்த்துப் பிடித்தால் இடைவெளி தெரிகிறதா?
7. படவிளக்கத்தைப் பார்த்து, பிறர் உதவியின்றிச் செய்ய முடிந்ததா?
8. விலை, செய்து முடிக்க ஆன நேரம்.

ஐந்தாவது வரியில் ஓர் எச்சரிக்கை தேவை. பள்ளி அளவுகோலில் நாம் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு 1 மி.மீ. நேட்டின் 93 மி.மீ. இறக்கையில் 1 மி.மீ. என்பதே ஒரு விழுக்காட்டுக்கு மேல். ஆகவே ஒரு கிட்டில் 93, இன்னொன்றில் 94 என்று வந்தால், "இதுதான் துல்லியம்" என்று அறிவிக்க நம்மிடம் உள்ள கருவி போதாது. ஒவ்வொரு அளவையும் மூவர் தனித்தனியே அளந்து சராசரி காணட்டும். வெர்னியர் அளவுகோல் உள்ள பள்ளிகளில் அதைப் பயன்படுத்தலாம். எப்போது முடிவு சொல்லக்கூடாது என்று அறிவதும் அறிவியல்தான்.

நம் பள்ளிக்கு எது?

பெரும்பாலான கிட்டுகள் வெளிநாட்டிலிருந்து வருபவை. விலை அரசுப் பள்ளிக்குச் சிறியதன்று. ஒவ்வொரு மாணவருக்கும் வாங்குவது நடக்காது, தேவையும் இல்லை. என் பரிந்துரை இதுதான்: பள்ளிக்கு ஒரு கிட், மாணவருக்கு அட்டை.

கிட் வாங்குவதானால் 1:72 அளவையில், பாகங்கள் குறைந்த, அண்மைக் கால அச்சில் வந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1:48 என்றால் நீளம் ஒன்றரை மடங்கு கூடும். பூசவேண்டிய பரப்போ இரண்டேகால் மடங்கு கூடும். வண்ணச் செலவும் வைக்கும் இடமும் அதற்கேற்பக் கூடும். பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை கிடைத்தால் நடுநிலை வகுப்புகளுக்கு அதுவே நல்லது. பிளாஸ்டிக் பசையும் எனாமல் வண்ணமும் ஆவியாகும் கரைப்பான் கொண்டவை. காற்றோட்டமுள்ள இடத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கத்தியால் வெட்டும் வேலை ஆசிரியருடையது.

அட்டைக்குச் செலவே இல்லை. சிவகாசியில் அச்சான பழைய நாள்காட்டியின் பின்னட்டை போதும். வரைபடத்தாளில் தேஜஸின் மேல்தோற்றத்தை 183 மி.மீ. நீளம், 114 மி.மீ. அகலத்தில் வரைந்து, அட்டையில் ஒட்டி வெட்டட்டும். அதே அளவையில் நேட், சுகோய், ஏ.டி.ஆர். ஆகியவற்றையும் வெட்டினால், பள்ளியின் முழுத் தொகுப்பும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கதாகிவிடும். வாங்கிய கிட்டை அந்த அட்டைகளின்மேல் வைத்துச் சோதிக்கலாம். மாணவர் செய்த அட்டை, வெளிநாட்டு நிறுவனத்தின் பெட்டியைச் சரிபார்க்கும் அளவுகோலாகிறது. இதில் அவர்கள் அடையும் பெருமிதம் சிறிதன்று.

ராமேசுவரத்திலிருந்து சென்று குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்த அப்துல் கலாம், அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் தம்மை ஈர்த்ததைத் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் பொருளுக்கு அவ்வளவு வலிமை உண்டு. மலையடிவாரத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்த நம்மால் முடியாது. சரியான அளவையில் ஒரு மாதிரியை வைக்க முடியும். அந்தக் குழந்தை விமானம் பற்றித் தொட்டு அறியப்போவது அது ஒன்றாகவே இருக்கலாம் என்பதால், அது பிழையற்றதாக இருக்க வேண்டும்.

இந்த ஆண்டுக் கண்காட்சியில் ஒரு விதியை மட்டும் சேர்த்துப் பாருங்கள்: எந்த மாதிரியாக இருந்தாலும் பெயருக்குக் கீழே அளவையும் எழுதப்பட வேண்டும், மேசைமேல் ஓர் அளவுகோலும் இருக்க வேண்டும். பார்வையிட வருபவர் அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.